ஆட்டுக்கல்லில் நின்ற டிஷ்

ஏலாது என்று யாராவது சொன்னால் அவர் கோபப்பட மாட்டார், கெஞ்சவும் மாட்டார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்பார். "எங்க எழுதிக் கிடக்கு?" குரலில் நக்கல் இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்பார். எதிரே நிற்கிறவருக்கு அதுதான் தாங்க முடியாமல் போகும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் கட்டடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கீழ்வீட்டு அக்கா. நானும் கீழ்வீடுதான், அவருக்கு நேர் எதிர்க்கதவு. ஆனால் என்னை ஒருவரும் கீழ்வீட்டுத் தங்கச்சி என்று சொன்னதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவை இங்கே வேண்டாம்.

திருகோணமலையில் உள்துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற தெருவில் அந்தக் கட்டடம் இருந்தது. மாடிக்கு இரண்டு வீடாக மூன்று தளம், மேலே வெறும் சீமெந்துத் தட்டு, பின்னால் ஒரு கிணறு, ஒரு ஜம்பு மரம். நான் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்காவின் புருசன் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரை நான் அண்ணை என்பேன். ஒரே மகள், அன்புவழிபுரத்தில் கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒருமுறை அக்காவும் நானும் கந்தளாயில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அவர் ஒரு முழுப் பலாப்பழத்தோடு பஸ்ஸில் ஏறினார். பழம் ஏற்ற ஏலாது, மணக்கும், இறக்குங்கோ என்றார் நடத்துனர். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நடத்துனர் என்ன நினைத்தாரோ, பஸ் முழுக்கக் கண்ணால் தேடினார். புகைத்தல் தடை என்று இருந்தது. மதகுருமாருக்கான ஆசனம் என்று இருந்தது. பலாப்பழத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அக்கா பழத்தை அந்த மதகுருமார் ஆசனத்துக்கு அடியில் உருட்டிவிட்டு, "சாமி ஆரும் ஏறினால் எடுத்து மடியில வைக்கிறன்" என்றார். திருகோணமலை வரும்வரை ஒரு சாமியும் ஏறவில்லை.

ஆள் கட்டை. காலையில் கிணற்றடியில் முழுகிவிட்டு, வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டிய சின்னக் கண்ணாடியில் பார்த்து நெற்றி நிறையக் குங்குமம் வைப்பார். மோதிர விரலால் ஒரே சுழி. நான் வேலைக்கு ஓடுகிற அவதியில் செருப்புத் தேடிக்கொண்டு நிற்பேன், அவர் அந்தப் பொட்டை ஆறுதலாக வைத்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். "பொட்டு வைக்கிறதுக்கு இவ்வளவு நேரமோ அக்கா?" என்பேன். "உனக்கு ஒருத்தன் வரட்டும், நீயும் மினக்கெடுவாய்" என்பார்.

சம்பூரில் பிறந்து வளர்ந்தவர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு வந்த கதையைத் தானாகச் சொல்ல மாட்டார். நான் தோண்டித் தோண்டிக் கேட்ட ஒருநாள், "முகாமில வரிசையில நிண்டு நிண்டு ஏலாது எண்ட சொல்லு காதில ஊறிப்போச்சு பிள்ளை. ஒருநாள் ஒருத்தரிட்டச் சும்மா கேட்டன், எங்க எழுதிக் கிடக்கெண்டு. அவரிட்ட மறுமொழி இல்லை. அண்டைக்குத்தான் தெரிஞ்சது, கனபேருக்கு இல்லையெண்டு" என்றார். உழுந்து களையப் போய்விட்டார்.

சில நேரம் எனக்கு அக்காவைப் பார்த்துப் பயமும் வந்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணைக்குக் குடி இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் ஒரு படகு நிறைய ஆட்கள், பகிடி, பாட்டு, சண்டை. ஓய்வு பெற்றபின் வீட்டில் ஒரு மனைவி, எதிர்வீட்டில் ஒரு வாயாடி, அவ்வளவுதான். பின்னேரமானால் சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஏறுகிற முடக்கில் இருந்த தவறணைக்குப் போய்விடுவார். அங்கே கள்ளும் சாராயமும் மட்டுமல்ல, சுவர் அகலத்துக்கு ஒரு ரீவியும் கூரையில் டிஷ்ஷும் இருந்தன. பழைய படம் போடுவார்கள், இந்தியாவில் நடக்கிற கிரிக்கெட் மட்ச் போடுவார்கள். அண்ணை திரும்பி வருகிற வருகையை நான் கதவுக்குப் பின்னால் நின்று காதால் அறிவேன். ஒருநாள் வாய்க்காலுக்குள் விழுந்து நெற்றி வெடித்து வந்தார். இன்னொருநாள் இரத்தமாகச் சத்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்து அனுப்பும்போது, ஈரல் போய்க்கொண்டிருக்கிறது, இனியும் குடித்தால் ஆளைக் கொண்டுவர வேண்டாம் என்று டாக்குத்தர் அக்காவிடம் நேராகவே சொன்னார். மருந்துத் துண்டு என் கடைக்குத்தான் வந்தது.

கொஞ்ச நாளில் அக்கா கடைக்கு வந்தார். மற்ற ஆட்கள் போகும்வரை நின்றுவிட்டு, குடியை வெறுக்கப் பண்ணுகிற குளிசை ஒன்று இருக்காமே, அதைத் தா, தேத்தண்ணிக்குள் கரைத்துக் கொடுக்கிறேன், அவருக்குத் தெரியத் தேவையில்லை என்றார். நான் ஏலாது என்றேன். கேள்வி வந்தது. நான் பெட்டியை எடுத்து உள்ளே மடித்து வைத்திருந்த தாளை விரித்து, நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது, உயிராபத்து என்று இங்கிலீசில் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த ஈரலோடு அதைக் குடித்துவிட்டு மேலே சாராயத்தையும் குடித்தால் ஆள் அந்த இடத்திலேயே போய்விடும் என்று தமிழில் விளக்கினேன். அவர் தாளை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"அப்ப சரி. எழுதிக் கிடந்தாச் சரி" என்றார். "வேற வழி பாப்பம்."

அந்த வேற வழிதான் டிஷ்.

அவருடைய கணக்கு இப்படி. மனுசன் தவறணைக்குப் போவது குடிக்க அல்ல, படம் பார்க்க. குடி படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் குடி வெளியில் நின்றுவிடும். எனக்கு இந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அப்போது என்னிடம் இதைவிட நல்ல கணக்கும் இல்லை.

டிஷ் பூட்டுகிற ஆள் வந்து பார்த்தார். பல்கனியில் வைக்க ஏலாது என்றார். எங்கள் நாட்டில் அது தலைக்கு நேர் மேலே இருக்கிற வானத்தைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு மேலே இன்னொரு பல்கனி நிற்கிறது என்றார். அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தார். அது எழுதிக் கிடக்கிற விசயத்தில் சேர்த்தி என்று ஒத்துக்கொண்டார் போல, ஒன்றும் கேட்கவில்லை. பின்வளவில் ஜம்பு மரத்தின் நிழல் விழாத ஒரு மூலையில் கம்பி நட்டு டிஷ்ஷைப் பூட்டச் சொன்னார். படம் வந்தது. அண்ணைக்குச் சந்தோசம். அடுத்தநாள் காலையில் படம் இல்லை.

போய்ப் பார்த்தால் ஒரு கொம்பன் மான் நின்று அந்தக் கம்பியில் கொம்பு தேய்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பட்டினத்தில் மான்கள் மாடுமாதிரித் தெருவில் திரிகிறவை என்பது வெளியூர்க்காரருக்குத்தான் புதினம். எங்களுக்கு அவை தொல்லை. வயரையும் சப்பி வைத்திருந்தது. அக்கா முள்ளுக் கட்டினார். மான் முள்ளைத் தின்றுவிட்டுத் தேய்த்தது. "இதிட்ட எங்க எழுதிக் கிடக்கெண்டு கேளுங்கோவன்" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் அந்தக் கிழமை அண்ணை இரண்டு பின்னேரம் தவறணைப் பக்கம் போய்விட்டு வந்தார். அக்காவின் சிரிப்பு குறைந்தது.

மிச்சம் இருந்தது மேல்தட்டு. மேல்தட்டு என்றால் தலைவர் ஐயா.

கட்டடத்துச் சங்கத்தின் தலைவர் மேல்மாடியில் இருந்தார். சுங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், நேர்மையானவர், பிடிவாதக்காரர். முன்பு யாரோ அன்ரனாக் கம்பி நடுவதற்காக மேல்தட்டில் துளை போட, அந்த மாரியில் தண்ணீர் இறங்கி அவருடைய கட்டில், மெத்தை, அலுமாரி எல்லாம் நாசமாகிவிட்டன. அன்றைக்கே தன்னுடைய அன்ரனாவையும் கழற்றிப் போட்டுவிட்டு, படியடிச் சுவரில் சிவப்புப் பெயின்ரால் தானே எழுதி வைத்தார்: மேல்தட்டில் துளையிடுதல் கண்டிப்பாகத் தடை.

அக்கா கேட்கப் போனபோது நானும் பின்னால் போனேன். டிஷ் கிஷ் ஒன்றும் மேலே வர ஏலாது, நானே வைக்கவில்லை என்றார் ஐயா. கடைசியில் கொஞ்சம் பகிடியாகத்தான் கேட்டார். "ஏன் தங்கச்சி, டிஷ் இல்லாட்டி உயிரே போயிடுமோ?"

எனக்குக் கொதித்துவிட்டது. ஓம், உயிர்தான் போகும், உங்களுக்குக் கீழே இருக்கிற மனுசன்ர உயிர் என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நசி நசித்தார். ஐயாவைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "இல்லை ஐயா, சும்மா ஒரு ஆசைதான்" என்றார்.

படி இறங்கும்போது நான் சண்டை பிடித்தேன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த மனுசன் ஓம் என்றிருக்கும் என்றேன். அக்கா சொன்னார், "சொன்னால் ஓமெண்டு சொல்லுவார். பிறகு என்ர மனுசனைக் குடிகாரன் எண்டு படியில பாத்துப் பாத்துப் போவார். வேண்டாம்." கீழே வந்ததும் அந்தச் சிவப்பு எழுத்துக்கு முன்னால் நின்றார். இரண்டுதரம் வாசித்தார். பிறகு விறுவிறுவென்று பின்வளவுக்குப் போனார்.

குசினிக்குப் பின்னால் ஒரு ஆட்டுக்கல் இருந்தது. கட்டடத்தில் எல்லோரும் மெசினுக்கு மாறிப் பல காலம். அக்கா மட்டும் அதில் உழுந்து ஆட்டுவார், ஆயுத பூசைக்கு மறக்காமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்தக் கல்லின் குழிக்குள்தான் விரலை விட்டுக்கொண்டு நின்றார்.

"துளைதானே கூடாது? இதில ஏற்கனவே துளை கிடக்கு" என்றார்.

கல்லை மேலே கொண்டுபோக வேண்டும், குழவியை எடுத்துவிட்டுக் குழிக்குள் கம்பியை நிறுத்திச் சீமெந்து வார்க்க வேண்டும், கல்லின் பாரத்திலேயே டிஷ் நிற்கும், தட்டில் ஒரு கீறலும் விழாது. இதைத் தலைவர் ஐயாவிடம் சொன்னபோது அவர் அண்ணாந்து தட்டைப் பார்த்தார். பாரம் தட்டைத் தாக்காதா என்றார். சுவருக்கு மேலே வருகிற மாதிரி மூலையில் வைப்போம், அடியில் பழைய ரயர் போடுவோம் என்றார் அக்கா. ஐயா தன்னுடைய எழுத்தையே போய் வாசித்துவிட்டு வந்தார். அதில் ஆட்டுக்கல்லைப் பற்றி ஒன்றும் இல்லை.

நடுமாடியில் இருந்த கிண்ணியாக்காரர், ஓடு வியாபாரம் செய்கிறவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற மனிதர், தன் தம்பிமாரைக் கூட்டிவந்து கயிறும் காவுதடியுமாகக் கல்லைத் தூக்கினார். "புள்ளையள் விலகி நில்லுங்க, இது அரிசி மூடையில்ல" என்று என்னைத்தான் விரட்டினார். ஒவ்வொரு படியிலும் கல் ஒரு மூச்சு விட்டு ஏறியது. வயரை மழைநீர்க் குழாயோடு சேர்த்து மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் அக்காவே கட்டி இறக்கினார். கச்சான் காற்று அடித்தது, டிஷ் அசையவில்லை. மழை பெய்தது, தலைவர் ஐயா அண்ணாந்தபடி வீடெல்லாம் நடந்து பார்த்தார், ஒரு துளியும் இல்லை. இனித் தோசைக்கு உன்னுடைய மெசினில்தான் அரைக்க வேண்டும் என்று சொல்லி, அன்றிலிருந்து அக்கா ஊறவைத்த உழுந்தோடு என் கதவைத் தட்டத் தொடங்கினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

கல் மேலே ஏறிப் படம் வந்த முதல்நாள் பின்னேரம் அண்ணை கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். என்ன தெளிவு, என்ன நிறம் என்று புகழ்ந்தார். பொழுதுபட்டதும் எழும்பிச் சட்டையைப் போட்டார். அக்கா குசினி வாசலில் நின்றார். அண்ணை அவரைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். ரீவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள், அதை நிற்பாட்டுவதற்கும் அக்காவுக்குத் தோன்றவில்லை. நான் போய் நிற்பாட்டினேன். அவர் அழுது அன்றைக்குத்தான் கண்டேன். அழுதுகொண்டே அரிசி புடைத்தார்.

அடுத்தநாள் காலையில் புருசனிடம் நேரே கேட்டிருக்கிறார். படம்தான் இஞ்ச கிடக்கே, பிறகும் ஏன் போறீங்கள்? அண்ணை வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாராம், "தனியப் பாக்கிறதுக்கு என்னத்துக்கப்பா படம்? ஒராள் அவுட்டாகினால் பக்கத்தில இருக்கிறவன்ர தொடையில அடிக்கவேணும்."

இதை எனக்குச் சொல்லும்போது அக்காவின் முகம் தெளிந்திருந்தது. தன்னுடைய கணக்கில் எங்கே பிழை என்று பிடிபட்ட தெளிவு. படமும் இல்லை, குடியும் இல்லை, ஆட்கள். மனுசன் ஆட்களைத் தேடித்தான் போயிருக்கிறார்.

அடுத்து ஒரு பெரிய மட்ச் நாள் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அக்கா தோய்த்து மடித்து வைத்த சேலை கட்டி, பொட்டை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டு, வா என்றார். எங்கே என்று கேட்காமல் போனேன். தவறணை வாசலில் போய் நின்றார். பட்டப்பகலில், எங்கள் பட்டினத்தில், ஒரு குடும்பப் பெண். பெண்கள் இதுக்குள்ள வர ஏலாது என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். அந்தக் கேள்வி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "நான் உள்ளுக்கு வரேல்லைத் தம்பி, வாசலில நிண்டு கதைக்கிறன்" என்றார்.

உள்ளே அண்ணையும் கூட்டாளிமாரும் இருந்தார்கள். எல்லாம் பழைய துறைமுகத்து ஆட்கள், நரைத்த தலைகள். கிளாஸ்களை மேசைக்குக் கீழே ஒளித்தார்கள். அண்ணை நிலத்தைப் பார்த்தார். நான் அந்த மனுசனுக்காகப் பாவப்பட்டேன், அக்காமேல் கோபமும் வந்தது. ஆனால் அக்கா தன் புருசனின் பக்கமே திரும்பவில்லை.

"அண்ணைமார், இண்டையான் மட்ச் எங்கட வீட்டில. இவர் உங்களைக் கூட்டிவரச் சொன்னவர், வெட்கத்தில சொல்லாமல் இருக்கிறார். கடலை அவிச்சிருக்கிறன். இஞ்சித் தேத்தண்ணி நான் தாறன். வாறவை வெறும் வாயோட வரவேணும், அவ்வளவுதான்."

அக்கா கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். தெருமுனை வரும்வரை நான் ஏசிக்கொண்டே வந்தேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்து வேர்வையை ஒற்றிக்கொண்டு நடந்தார்.

வீடு சின்னது, ஆட்கள் வந்தால் காணாது என்று ரீவியைப் படியடிக்குத் தூக்கிவரச் சொன்னார். அந்தச் சிவப்பு எழுத்துக்கு நேர் கீழே மேசையைப் போட்டு வைத்தோம். கதிரைகளை அடுக்கினோம். மட்ச் தொடங்கியது, ஒருவரும் இல்லை. நானும் அக்காவும் மட்டும் இருந்து, எங்களுக்கு விளங்காத விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தால் வாசலில் செருப்புச் சத்தம். முன்னால் அண்ணை. பின்னால் மூன்று பேர். வந்து கதிரைகளில் இருந்தார்கள். முதலாவது ஆள் அவுட்டானபோது அண்ணை பக்கத்தில் இருந்தவரின் தொடையில் ஓங்கி அடித்தார்.

சத்தம் கேட்டுத் தலைவர் ஐயா இறங்கி வந்தார். பொதுப் படியடியில் ரீவி வைக்க ஏலாது என்று தொடங்கினார். அக்கா எழும்பித் தன்னுடைய கதிரையை அவருக்குப் பக்கமாகத் தள்ளினார். "இந்த ஓவர் முடியட்டும் ஐயா, பிறகு சொல்லுங்கோ" என்றார். ஐயா நின்றபடி ஒரு பந்து பார்த்தார். இருந்தபடி மற்றப் பந்துகளைப் பார்த்தார். மட்ச் முடிந்துதான் எழும்பினார். சொல்ல வந்ததை அவர் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்கென்று முன்னால் ஒரு கதிரை நிரந்தரமாகிவிட்டது.

அண்ணை ஒரேயடியாக விட்டுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். கலியாண வீடு, செத்த வீடு என்று இரண்டொருதரம் வழுக்கினார். ஆனால் பின்னேரங்கள் படியடிக்கு வந்துவிட்டன. கடலையும் தேத்தண்ணியும் முறைவைத்து எல்லா வீட்டிலிருந்தும் வந்தன. நானா எல்லோரும் இருந்து பார்க்க நீளமாக ஒரு மர வாங்கு செய்து கொண்டுவந்து போட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருசம் மேல்தட்டுக்குத் தார் பூச மேசன் வந்தபோது, கல்லை அகற்றச் சொன்னார் தலைவர் ஐயா. அது ஆயுத பூசை கழிந்த கிழமை. மேசன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, பொட்டு வைத்த கல்லை நான் தொட மாட்டேன் ஐயா, பூசை செய்கிற கல் போலக் கிடக்கு என்றார். ஐயாவும் ஏறிப் பார்த்தார். சந்தனமும் குங்குமமும் ஒரு செவ்வரத்தம் பூவும். அவரும் தொடவில்லை. கல்லைச் சுற்றித் தாரைப் பூசிவிட்டுப் போனார்கள். வேண்டுமென்றுதான் வைத்தீர்களோ என்று அக்காவைக் கேட்டேன். "ஆட்டுக்கல்லுக்கு வருசா வருசம் வைக்கிறதுதானே. அது மேல போனதுக்காக விடுறதோ?" என்றார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

அண்ணை ஒருநாள் காலையில் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு, ஈரலால் வந்ததில்லை என்று டாக்குத்தர் சொன்னபோது அக்கா தலையை ஆட்டினார். "ஓம், ஈரலா இருக்காது" என்றார். அவ்வளவு துக்கத்திலும் அதைக் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. பொட்டு வைக்கிற அந்தக் கண்ணாடி சுவரிலிருந்து கழற்றப்பட்டது. அக்காவின் நெற்றியில் திருநீறு மட்டும். ரீவி வீட்டுக்குள்ளே துணி போர்த்துக் கிடந்தது. அந்த வருசத்து ஆயுத பூசை செத்த வீட்டுத் துடக்கென்று செய்யாமல் போயிற்று. வருசம் முடிந்து ஆட்டைத் திவசமும் கழிந்து அடுத்த ஆயுத பூசையும் வந்தது. காலையில் அக்கா என் கதவைத் தட்டினார். கையில் உழுந்து இல்லை, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருந்தன.

"பிள்ளை, மேல ஏறிக் கல்லுக்கு ஒரு பொட்டு வைச்சிட்டு வாறியே?"

"நீங்கள் வையுங்கோவன்."

"எனக்கு ஏலாது."

அந்தச் சொல்லைத் தனக்கென்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதேயில்லை. மானுக்கும் சளைக்காத மனுசி, தவறணை வாசலில் கும்பிட்டு நின்ற மனுசி, ஒரு கிண்ணம் சந்தனத்தை நீட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தில்தான் கேட்டேன்.

"எங்க எழுதிக் கிடக்கு?"

அக்கா கிண்ணத்தையும் சிமிழையும் ஒரே கைக்கு மாற்றினார். அடித்துவிடுவாரோ என்றும் நினைத்தேன். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். வா என்று சொல்லவில்லை, படியில் ஏறினார். நான் பின்னால் போனேன்.

மேலே நல்ல வெயில். துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது, இழுவைப் படகு ஒன்று அதைச் சுற்றி வந்தது. தார் வளையத்துக்கு நடுவில் கல் இருந்தது, கம்பி துருப்பிடித்திருந்தது, டிஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா குந்தி இருந்து, கல்லைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தார். சந்தனம் வைத்தார். மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு ஒரே சுழியில் வைத்தார். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் துடைக்கச் சேலையைத் தேடிப் போன கை பாதியில் நின்றது.

"இதுவும் எங்கயும் எழுதிக் கிடக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். இத்தனை வருசத்தில் மறுமொழி தெரியாமல் அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

"இல்லை அக்கா" என்றேன். நான் மருந்துக்கடைக்காரி. எழுதிக் கிடப்பதை வாசித்துச் சொல்வதுதான் என் தொழில்.

கண்ணாடி இல்லாமல் தன் நெற்றியில் வைத்ததால் பொட்டு கொஞ்சம் சரிந்துதான் விழுந்தது. நான் திருத்தப் போகவில்லை. இறங்கி வரும்போது மேல்மாடி வாசலில் தலைவர் ஐயா நின்றார். திருநீறு பூசி, பூசைக்கு ஆயத்தமாக, சட்டை இல்லாமல். அக்காவின் நெற்றியைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குத் தயாராகத்தான் நின்றேன், ஒரு சொல் வரட்டும் என்று. அக்காவும் ஒரு படியில் காலை வைத்தபடி நின்றார்.

ஐயா தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கு மட்ச் எத்தினை மணிக்குத் தங்கச்சி?"

"ரெண்டு மணிக்கு ஐயா" என்றார் அக்கா. "ரீவியைக் கொண்டுவந்து படியடியில வைக்கிறன். நேரத்துக்கு வாங்கோ."